சொட்டு விழாத ஜாடி

"நான் கிட்டவே போகலைன்னு எழுதியிருக்காங்க. அந்த மனுஷன் மூச்சு முட்டித் துடிக்கும்போது நான் நின்னு வேடிக்கை பார்த்தேனாம். இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள உங்களால ஏதாவது பண்ண முடியுமா?"

நர்ஸ் இதைச் சொல்லி முடித்தபோது காலை பத்தேகால். கீழ்த்தளத்துப் பல் டாக்டரின் மெஷின் யாருடைய கடைவாயிலோ இறங்கும் சத்தம் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது.

"இன்னும் அஞ்சே முக்கால் மணி நேரம் இருக்கே! அதுக்குள்ள எங்க அண்ணி உங்களையும் காப்பாத்தி, எனக்கும் சாப்பாடு போட்டுடுவாங்க" என்றான் சைரன்.

"தம்பி, அவங்களுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடு. பேச்சை அப்புறம் இழுக்கலாம்" என்றாள் அண்ணி.

சைரன் நாற்காலியை இழுத்துப் போட்டான். முப்பத்தெட்டு வயது, அதற்கேற்ற தொந்தி. பதினோரு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வண்டியின் சைரன் ஓய்ந்தாலும் இவன் வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ஒரு பெரிய மனிதரிடம், "பயப்படாதீங்க சார், இந்த வண்டியில ஏறினவங்கள்ல பாதிப் பேர் உயிரோட இறங்கியிருக்காங்க" என்று ஆறுதல் சொன்ன அன்றைக்கே வேலை போய்விட்டது. அன்றிலிருந்து சொந்த அண்ணன் மனைவியிடம் உதவியாளன்.

அண்ணி துப்பறிய வந்தது அச்சகத்திலிருந்து. பதினான்கு வருஷம் அங்கே பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அடுத்தவர் எழுதியதில் எங்கே தப்பு என்று பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண், பிறகு அடுத்தவர் சொல்வதிலும் பார்க்கத் தொடங்கியது. அதில் வரும்படி கொஞ்சம் அதிகம் என்று தெரிந்ததும் அச்சகத்துக்கு முழுக்குப் போட்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. அழுகை வந்தா அழுங்க, ஆனா வரிசையை மாத்தாதீங்க" என்றாள் அண்ணி.

நர்ஸ் அழவில்லை. வலது ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை மதியம். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் படுத்திருந்தார் ஒரு தையல்காரர். வலி மருந்தின் கிறக்கத்தில் இருந்தார். திடீரென்று வாந்தி எடுத்தார். எடுத்தது வெளியே வராமல் தொண்டையிலேயே தங்கி, மூச்சுக்குழாய்க்குள் இறங்கப் பார்த்தது. உதடு நீலம் பாரித்தது. வார்டில் இவள் ஒருத்திதான். ஆளைப் பக்கவாட்டில் புரட்டினாள். உதவிக்குக் கத்தினாள். ஓரத்தில் நின்ற, தொண்டையில் அடைத்ததை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மெஷினின் ஸ்விட்சைப் போட்டு, வளைந்த கெட்டிக் குழாயை அவர் வாய்க்குள் விட்டாள்.

"மெஷின் ஓடுச்சுங்க. சத்தம் ஜோராத்தான் இருந்துச்சு. ஆனா இழுக்கல. ஒரு சொட்டுகூட இழுக்கல."

"அப்புறம்?"

"துணியை விரல்ல சுத்தி வழிச்சு எடுத்தேன். அப்பத்தான் கடிச்சிட்டார். அப்புறம் சாப்பாடு கொடுக்கற பெரிய சிரிஞ்சு இருக்கும்ல, அதுல மெல்லிசுக் குழாயை மாட்டிக் கையாலயே உறிஞ்சினேன். ஏழெட்டுத் தடவை. தாடையைத் தூக்கிப் பிடிச்சேன், காத்துப் பையை மூஞ்சியில வெச்சு அழுத்தினேன். நிறம் திரும்புச்சு. அதுக்குள்ள ஐ.சி.யூ. ஆளுங்க வந்துட்டாங்க."

தையல்காரர் பிழைத்துவிட்டார். நேற்றுத் தொண்டையிலிருந்து செயற்கை மூச்சுக் குழாயை எடுத்தாகிவிட்டது. தானாகவே மூச்சு விடுகிறார். ஆனால் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. நுரையீரலுக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இன்னும் பத்து நாளாவது படுக்கைதான். அவர் வீட்டார் கேள்வி கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. பதிலுக்குப் பொருத்தமான உயரத்தில் நர்ஸ் நின்றாள்.

"மறுநாள் அந்த மெஷினை எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டினாங்க. வாளித் தண்ணியை அப்படியே உறிஞ்சுது. என் கண்ணாலயே பார்த்தேன்" என்றாள் நர்ஸ். "எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நான்தான் ஏதோ சரியாப் பண்ணலையோன்னு."

அண்ணி கைப்பையை எடுத்தாள். "வேற ஏதாவது சொல்லணுமா?"

ஒரு நொடி கழித்து, "இல்லைங்க" என்றாள் நர்ஸ்.

அந்த ஒரு நொடியை அண்ணி கவனித்ததை சைரன் கவனித்தான். ஆனால் கேட்கவில்லை. அப்போது அவன் கவலையெல்லாம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி.

ஆஸ்பத்திரி நுழைவாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை: 'தரமே எங்கள் மூச்சு'. அதைப் பார்த்து சைரன் சொன்னான்: "அண்ணி, அதான் அந்தத் தையல்காரருக்கு முட்டியிருக்கு."

நிர்வாகக் கண்காணிப்பாளருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் பளபளப்பு. வைத்தவர்களுக்குக் கோயில் கட்டலாம். அவருடைய ஷூ பளபளத்தது. மேஜை பளபளத்தது. மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் பூவின் இலைகளைக்கூட யாரோ எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். அடுத்த வாரம் தரச் சோதனைக் குழு வருகிறதாம், புதிதாக ஒன்றை மாட்ட ஆணிகூட அடித்துத் தயாராக இருந்தது.

"நீங்க யாரு?" என்றார் பளபளப்பு.

"நர்ஸ் தரப்புல பேச வந்திருக்கேன். விசாரணைக் கடிதத்துல ஒரு உதவியாளரைக் கூட்டிட்டு வரலாம்னு போட்டிருக்கீங்க, மூணாவது பத்தி. 'உதவியளர்'னு அச்சாகியிருக்கு. கால் விட்டுப்போச்சு."

பளபளப்பின் முகத்தில் மெல்லிய கீறல் விழுந்தது. ஆனால் சமாளித்துக்கொண்டார். அவரிடம் ஆதாரம் இருந்தது, காட்டுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது. தன் அறை அலமாரியைத் திறந்து மெஷினை மேஜைமேல் வைத்தார். உப்புக்கல் டப்பா அளவில் ஒரு மோட்டார், முன்னால் முள் வைத்த வட்டமான கேஜ், பக்கத்தில் மூடி போட்ட கண்ணாடி ஜாடி, அதிலிருந்து நீண்ட குழாய். வாளியில் தண்ணீர் வந்தது. ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் குழாய் வழியே ஓடி ஜாடிக்குள் கொட்டியது.

"பாத்தீங்களா? யானை தும்பிக்கை மாதிரி!"

"யானைக்கு இவ்வளவு பெருமை கிடையாது சார்" என்றான் சைரன்.

அண்ணி தண்ணீரைப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளப்பு குழாயை வாளியிலிருந்து வெளியே எடுத்துத் தொங்கவிட்டார். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முள் கீழேயே சோம்பிக் கிடந்தது.

"இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு" என்று இழுப்பறையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். பளபளப்பான தாளில் பிரிண்ட் போட்டிருந்தார். வேறு தாளில் போடுவாரா? "சம்பவம் நடந்து பத்தே நிமிஷத்துல நானே போய், நானே ஸ்விட்சைப் போட்டு, நானே எடுத்த படம். முள் எங்க நிக்குது பாருங்க. உச்சியில! மெஷின் முழு பலத்தோட இருந்திருக்கு. இப்ப ஜாடியைப் பாருங்க. ஒரு சொட்டு ஈரம் இருக்கா? எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. மெஷின் நல்லா இருக்கு, ஜாடி காலியா இருக்கு. அப்படின்னா அந்தப் பொண்ணு அதைத் தொடவே இல்ல!"

"அவங்க விரல்ல கடி இருக்கே?"

"கதவுல நசுங்கியிருக்கும்."

"கதவுக்குப் பல்லு இருக்கா சார்?" என்றான் சைரன்.

அண்ணி அவனைக் கையமர்த்தினாள். படத்தை உற்றுப் பார்த்தாள். குழாய் கட்டில் ஓரமாகத் தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாருமில்லை.

"அருமையான படம். இதுக்குப் பின்னாடி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்களேன். 'மெஷினை நானே ஓடவிட்டு எடுத்தேன். அப்போது குழாயை யாரும் தொடவில்லை. அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.' அவ்வளவுதான்."

பளபளப்பு சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்தின் கீழே இரண்டு கோடும் இழுத்தார்.

"தினமும் மெஷினைச் சோதிக்கற ரிஜிஸ்டர் இருக்குமே?"

அதுவும் இருந்தது. இந்த மெஷின் வந்த நாளிலிருந்து ஏழு மாசமாக, ஒரு நாள் விடாமல், 'சரி', 'சரி', 'சரி'. எதிரே ஒவ்வொரு நாளும் ஒரு கையெழுத்து. அண்ணி பக்கங்களை மெதுவாகப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். பிறகு மூடிவிட்டாள்.

"சம்பவத்துக்கு அப்புறம் மெஷினை யார் தொட்டது?"

"யாருமே தொடல. அன்னிக்கே என் அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன்."

"வாந்தி எடுத்த இடத்துல இருந்த மெஷினை அப்படியேவா இந்த அறைக்குள்ள கொண்டுவந்தீங்க?"

பளபளப்பு அதிர்ந்துபோனார். "சேச்சே! கழுவித்தான்."

"யாரும் தொடலன்னு சொன்னீங்க?"

"ஆமா, யாரும் தொடல. கழுவினாங்க."

அறைக்கு வெளியே வந்ததும் சைரன் சிரித்தான். "கழுவினது ஆள் கணக்குலயே வரல போலிருக்கு அண்ணி. வாளி தானா கழுவிக்குச்சு."

அண்ணி சிரிக்கவில்லை. "தம்பி, உன் வண்டியில இந்த மெஷின் இருந்துச்சா?"

"இல்லாமலா? தினமும் காலையில நான்தான் சோதிப்பேன்."

"எப்படி?"

"இதென்ன பெரிய வித்தை! ஸ்விட்சைப் போட்டுக் குழாய் நுனியைக் கட்டைவிரலால அடைப்பேன். முள் சர்ருன்னு மேல ஏறும். விரலை எடுத்தா பொத்துன்னு விழுந்துடும். ஏறினா மெஷினுக்கு உடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"விரலை எடுத்தா விழுந்துடுமா?"

"பின்னே? குழாய் வாய் தொறந்திருந்தா காத்து தாராளமா உள்ள போகுது, முள்ளுக்கு என்ன வேலை? அடைச்சாத்தான் அது..."

சைரனின் வாய் பாதியில் நின்றது. பதினோரு வருஷத்தில் அபூர்வமாக நடக்கும் சம்பவம். அண்ணி அவன் மூக்குக்கு நேரே புகைப்படத்தை நீட்டினாள். உச்சியில் முள். கீழே யாரும் தொடாமல், சும்மா தொங்கும் குழாய்.

"அடைச்சிருக்கு" என்றான் சைரன் மெல்ல. "உள்ள எங்கேயோ அடைச்சிருக்கு. அதனாலதான் முள் ஏறி நிக்குது. அதனாலதான் ஜாடியில சொட்டு விழல. அடப்பாவி! மெஷின் செத்துக் கெடந்ததுக்கு ரெண்டு சாட்சியையும் அந்தாளே பிரிண்ட் போட்டு வெச்சிருக்காரு!"

"கையெழுத்தும் போட்டு."

"அப்ப இன்னிக்கு மட்டும் எப்படி இழுத்துச்சு?"

"நடுவுல யாரோ அடைப்பை எடுத்திருக்காங்க. எடுத்தது யாருன்னுதான் அவரே சொல்லிட்டாரே. 'யாருமில்ல'. வா, அந்த யாருமில்லாதவங்களைப் போய்ப் பார்ப்போம்."

கழுவுமிடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருந்தது. அங்கே பலகையோ சான்றிதழோ இல்லை. தொட்டி முழுக்க ப்ளீச்சிங் வாசனை. ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்ணொருத்தி, வரிசையாகக் கவிழ்த்து வைத்த தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். தன்னிடம் யாராவது நின்று பேசினால் ஏதோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம் என்பது அவள் அனுபவம்.

"நான் எதையும் எடுக்கலம்மா" என்றாள் முதல் வேலையாக.

"தெரியும். திங்கட்கிழமை அந்தச் சக்ஷன் ஜாடியைக் கழுவினது நீங்கதானே?"

"ஆமா. புது ஜாடி. சொல்லப்போனா அழுக்கே இல்ல. ஆனாலும் கழட்டிக் கழுவச் சொன்னாங்க, கழுவினேன்."

"மூடியையும் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படிக் கழுவறது?" அவளுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "மூடிக்கு அடியில ஒரு கூடு இருக்கும்மா. அதுக்குள்ள ஒரு உருண்டை. அந்த உருண்டையை அசையவிடாம ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் சொருகி வெச்சிருந்தாங்க. அதைப் பிடுங்கிட்டுத்தான் கழுவினேன்."

சைரன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணி, அது மிதவை! தண்ணித் தொட்டியில இருக்கற மாதிரி. ஜாடி ரொம்பினா உருண்டை மேல ஏறி ஓட்டையை அடைச்சிடும், அழுக்கு மோட்டாருக்குள்ள போகாம இருக்க. வண்டியில வர்றப்ப ஆடி உடையக் கூடாதுன்னு, அடியில ஸ்பாஞ்சைக் குடுத்து மேல ஏத்தி அழுத்தி அனுப்பியிருக்கான் கம்பெனிக்காரன். பிரிச்சதும் அதை எடுக்கணும்!"

"எடுக்கல. அதனால ஜாடி காலியா இருந்தும், ரொம்பிட்டதா நெனச்சு ஓட்டை மூடியே கெடந்திருக்கு" என்றாள் அண்ணி. பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "அந்த ஸ்பாஞ்சு எங்கம்மா?"

அவள் தயங்கினாள். தரையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வலது கால் பூட்ஸைக் கழற்றினாள்.

"குதிகால் ரொம்பக் கடிச்சுதும்மா. நல்லா ப்ளீச்சிங்ல அலசித்தான் வெச்சேன். திருடல. குப்பைக்குப் போறதுதானேன்னு..."

பூட்ஸின் உள்ளிருந்து வந்தது கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெள்ளை ஸ்பாஞ்சு. மூன்று நாள் குதிகாலுக்கடியில் வேலை பார்த்து நசுங்கியிருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் அச்சடித்த எழுத்துக்கள் மட்டும் அழியவில்லை. அண்ணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"'பயன்படுத்தும் முன் அகற்றவும்.'" ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். "பிழையே இல்ல."

மூன்றரை மணிக்கு விசாரணை அறைக்கு வெளியே நர்ஸ் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றைக்குத் தன் கைவேலையில் தப்பில்லை என்று தெரிந்த அழுகை. அது அடங்கும்வரை அண்ணி காத்திருந்தாள்.

"இப்ப நான் ஒண்ணு கேட்கணும். அந்த ரிஜிஸ்டர்ல திங்கட்கிழமை காலையில 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

நர்ஸ் நிமிரவில்லை.

சைரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களா?"

"அது... எல்லாரும் அப்படித்தாங்க போடுவாங்க. புது மெஷின் எல்லாம் வந்ததுலேர்ந்து ஏழு மாசமா உறை பிரிக்காம அழகுக்கு நின்னுச்சு. பழைய மெஷினை வெச்சுத்தான் வேலையை ஓட்டினோம், அது சாயம் உரிஞ்சு அசிங்கமா இருந்தாலும் நல்லா இழுக்கும். தரக் குழு வருதுன்னு போன வாரம் பழசை எல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க. புதுசைப் பிரிச்சு வெச்சாங்க. நான் சோதிச்சிருக்கணும். நாப்பது கட்டிலுக்கு ஒரு ஆளுங்க நான். பேனாவை எடுத்தேன், போட்டேன், ஓடிட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வருவீங்களா?"

"வந்திருப்பேன். விடைக்கும் கொஞ்சம் சீக்கிரமாவே வந்திருப்பேன்."

நர்ஸ் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை உள்ள சொல்லணுமா? ஸ்பாஞ்சு ஒண்ணு போதாதா? அவங்க வாயை அடைக்க அதுவே போதுமே."

"போதும். நான் சொல்லப் போறதில்ல. அது உங்க கையெழுத்து. என்ன பண்ணணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள் அண்ணி.

நாலு மணி. நீள மேஜையின் தலைப்பக்கத்தில் இயக்குனர் அம்மா உட்கார்ந்திருந்தார். அறுவை சிகிச்சை டாக்டர். ஆபரேஷனிலிருந்து நேராக வந்தவர், தலையில் பச்சைத் துணித் தொப்பிகூடக் கழற்றவில்லை. வார்த்தைகளையும் தையல் நூல் போல அளந்தே வெட்டுபவர் என்று பேச்சு.

பளபளப்பு தன் ஆதாரங்களை வரிசையாக அடுக்கினார். அடுக்கி முடித்ததும் அண்ணி எழுந்து, புகைப்படத்தின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். பிறகு சைரனை மெஷின் பக்கம் அனுப்பினாள். அவன் ஸ்விட்சைப் போட்டான். முள் கீழே. கட்டைவிரலால் குழாயை அடைத்தான். முள் உச்சி. விரலை எடுத்தான். முள் பொத்தென்று விழுந்தது.

இயக்குனர் அம்மா புகைப்படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எது அடைச்சுது?" என்றார்.

அண்ணி ஸ்பாஞ்சை மேஜைமேல் வைத்தாள். அதிலிருந்த எழுத்தை அவர் படித்தார். பளபளப்பும் எட்டிப் படித்தார். சைரன் பிற்பாடு பல பேரிடம் சொன்னது: "ஒரு மனுஷன் மூஞ்சியில பாலிஷ் போறதை அன்னிக்குத்தான் பார்த்தேன்."

ஆனால் பளபளப்பு லேசில் விடுகிற ஆளில்லை. ரிஜிஸ்டரைப் பாய்ந்து எடுத்தார். "சரி, அடைச்சிருந்துச்சுன்னே வெச்சுக்குவோம். அதைச் சோதிச்சு 'சரி'ன்னு அன்னிக்குக் காலையில கையெழுத்துப் போட்டது யாரு தெரியுமா? இதோ உக்காந்திருக்காளே, இவதான்! சொல்லச் சொல்லுங்க பார்ப்போம், இல்லைன்னு!"

சைரன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் எழுந்தாள்.

"ஆமா மேடம். நான்தான் போட்டேன். சோதிக்காமத்தான் போட்டேன். அந்தத் தையல்காரர் படுத்துக் கெடக்கறதுக்கு நானும் காரணம். என் பேரை முதல்ல எழுதிக்குங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா அந்த ரிஜிஸ்டர்ல ஏழு மாசத்துக் கையெழுத்து இருக்கு. ஒருத்தர் ஒரே ஒரு தடவை சோதிச்சிருந்தாக்கூட ஸ்பாஞ்சு அன்னிக்கே வெளிய வந்திருக்கும். எங்க எல்லாரையும் எழுதுங்க. நல்லா இழுத்த பழைய மெஷினைத் தூக்கச் சொன்னவரையும் எழுதுங்க."

பளபளப்பு, "அது தரக் குழுவுக்காக..." என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

வழக்கு முடிந்தது என்று சைரன் எழப் போனான். அப்போதுதான் அண்ணி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்த மாதிரிப் புது மெஷின் மொத்தம் எத்தனை வந்துச்சு?"

"பன்னெண்டு" என்றார் பளபளப்பு. சொல்லும்போதே பெருமை வந்துவிட்டது, பழக்கதோஷம். "வார்டுக்கு ஒண்ணு."

"ஒண்ணோட ஸ்பாஞ்சு இந்த மேஜையில இருக்கு. மீதி பதினொண்ணு எங்க இருக்கு?"

இயக்குனர் அம்மாவின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் ஏற்கனவே கதவருகில் இருந்தார். நர்ஸ் அவருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

படியேறி, படியிறங்கி, வார்டு வார்டாக ஓடினார்கள். நர்ஸ் மூடியைத் திருகுவாள், விரலை விட்டு ஸ்பாஞ்சைப் பிடுங்குவாள், மூடுவாள். சைரன் குழாயை அடைத்து முள்ளைப் பார்ப்பான். பளபளப்பு பின்னாலேயே மூச்சிரைக்க வந்து ஸ்பாஞ்சுகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவது வார்டிலேயே பை புடைத்துவிட்டது. பதினொன்றில் பத்து மெஷின்களில் ஸ்பாஞ்சு அப்படியே இருந்தது.

இல்லாதது எலும்பு வார்டில் மட்டும். அந்த வார்டின் ரிஜிஸ்டர் வெறுமையாகக் கிடந்தது. அங்கே இருக்கும் நர்ஸ் ரிஜிஸ்டரில் எழுதுவதே இல்லை என்று பளபளப்பு அவருக்கு இரண்டு மெமோ கொடுத்திருந்தார்.

"மெஷின் வந்த அன்னிக்கே தண்ணி வெச்சு இழுத்துப் பார்த்தேன், இழுக்கல. மூடியைக் கழட்டி ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டேன். தினமும் பார்க்கறேன். பார்க்கறதா, எழுதறதா? ரெண்டுக்கும் எனக்கு நேரமில்ல" என்றார் அந்த நர்ஸ், வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே. "எல்லா வார்டுக்கும் சொல்லுங்கன்னு உங்களுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினேனே?"

பளபளப்புக்குச் சீட்டு வந்தது நினைவில்லையாம். அதில் எழுத்துப்பிழை இருந்திருக்கும் என்றான் சைரன்.

கடைசியாகக் குழந்தைகள் வார்டு. மெஷின் ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. கட்டிலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்து சுவரில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அதற்குத் தொண்டைச் சதை ஆபரேஷன். முடிந்து இங்கேதான் கொண்டுவந்து படுக்க வைப்பார்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கினால், இந்த மெஷின்தான் கதி.

நர்ஸ் மூடியைத் திருகினாள். வெள்ளைத் துண்டு வெளியே வந்தது.

"என்னங்க அது?" என்றாள் குழந்தையின் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, வழக்கமா நடக்கற சோதனை" என்று பளபளப்பு அவசரமாக முன்னால் வந்தார். புடைத்த பையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

நர்ஸ் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. பிறகு யோசனையை விட்டுவிட்டாள்.

"இல்லம்மா. இந்த மெஷின் இவ்வளவு நாளா வேலை செய்யல. எங்களுக்குத் தெரியல, ஏன்னா நாங்க பார்க்கல. இப்ப செய்யுது."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கத்துவாள் என்று சைரன் எதிர்பார்த்தான். பளபளப்பும் எதிர்பார்த்து ஒரு எட்டு பின்வாங்கினார். அவள் கத்தவில்லை.

"செய்யுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நர்ஸ் ஸ்விட்சைப் போட்டு, குழாயை அவள் கையிலேயே கொடுத்தாள். "நுனியைக் கட்டைவிரலால அடைங்க. அந்த முள்ளைப் பாருங்க."

அவள் அடைத்தாள். முள் ஏறியது. எடுத்தாள். விழுந்தது. திரும்ப அடைத்தாள். குழந்தை மடியிலிருந்து எட்டித் தானும் ஒரு தடவை அடைத்துப் பார்த்து, முள் துள்ளியதைக் கண்டு சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. குழாயைக் கவனமாக அதன் கொக்கியில் மாட்டினாள். பிறகு இயக்குனரையும் பளபளப்பையும் நர்ஸையும் ஒவ்வொருவராக ஏறிட்டுப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில இவளை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை அடைச்சுப் பார்ப்பேன். நீங்க எல்லாரும் வந்து நில்லுங்க" என்றாள்.